பீடத்துக்கு மேலே போன குழாய்

வன்னியராஜின் மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அந்த மோட்டாரைத்தான் திட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஐந்து குதிரைச் சக்தி, வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சுவிட்சைத் தட்டினால் முனகாமல் சுற்றும். சுற்றி என்ன பிரயோசனம்? காலை பத்து மணிக்கு மும்முனைக் கரண்டு வரும். பத்தேகாலுக்கு வாய்க்காலில் தண்ணீர் விழும். பன்னிரண்டு ஆவதற்குள் தண்ணீர் மெலிந்து நூலாகி, நாலு தடவை இருமிவிட்டு நின்றுபோகும். மோட்டார் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, கிளப்புவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மூன்று மணிக்குக் கரண்டு போய்விடும்.

சித்திரை மாசம். சேரன்மகாதேவிக்குக் கிழக்கே தாமிரபரணிக் கரையில் முக்கால் ஏக்கர். ஓணத்துக்கு வெட்டலாம் என்று ஐப்பசியில் வைத்த ஏத்தன் வாழை, அறுநூற்றுச் சொச்சம். இப்போது குலை தள்ளிச் சீப்புப் பிரிகிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீரைக் குறைத்தால் வாழை பொறுத்துக்கொள்ளாது. குலையைச் சுமக்க முடியாமல் இடுப்பு ஒடிந்து விழும். இதுவரை பதினேழு விழுந்திருந்தன. வன்னியராஜ் தினமும் காலையில் போய் எண்ணுவான். எண்ணி என்ன செய்யப்போகிறான் என்றால் அவனுக்கே தெரியாது.

இத்தனைக்கும் ஆறு கண்ணுக்கு முன்னால்தான் ஓடுகிறது. அதுதான் வயிற்றெரிச்சல். மோட்டார் அறையின் வாசலில் நின்று ஒரு கல்லை விட்டெறிந்தால் தண்ணீரில் விழும்.

ஆற்றிலிருந்து மோட்டாருக்கு வருகிற குழாய், கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் எங்காவது மேடேறி இறங்கினால், தண்ணீரோடு வருகிற காற்றும், மூட்டுகளின் இடுக்கு வழியாக நுழைகிற காற்றும் அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சேர்ந்து சேர்ந்து ஒரு நேரத்தில் குழாயையே அடைத்துவிடும். மோட்டாருக்குத் தண்ணீரை இழுக்கத் தெரியும், காற்றை இழுக்கத் தெரியாது. இது தெரியாமல் வன்னியராஜ் குழாய் போடவில்லை. தெரிந்தேதான் போட்டான்.

அவன் குழாயில் அப்படி ஒரு கூனல் இருந்தது. இரண்டரை அடி உயரம். அந்தக் கூனலுக்குக் கீழே அவன் மகள் இசக்கிச்செல்வியைப் புதைத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசிலிருந்தே இளைப்பு. மழைக்காலம் வந்துவிட்டால் நெஞ்சுக்குள் சீழ்க்கை அடிக்கும். அவள் அம்மா வடிவம்மாள் அந்தச் சீழ்க்கையைக் கேட்டபடியே தூங்கி, அந்தச் சீழ்க்கையைக் கேட்டே முழித்தவள். சத்தம் ஏறினால் எழுந்து வெந்நீர் வைப்பாள், மருந்தை உறிஞ்சச் சொல்வாள், முதுகைத் தடவிக்கொடுப்பாள். சத்தம் அடங்கினால், பிள்ளை கண் அசந்துவிட்டது என்று தானும் தலையைச் சாய்ப்பாள். பதினேழு வருஷம் இப்படித்தான் போனது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று மார்கழியில் ஆறு ஊருக்குள் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகும் சுவரில் ஈரம் போகவில்லை. தை பிறந்த நாலாம் நாள் பிள்ளைக்கு இளைப்பு கூடியது. விடிந்ததும் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போக ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். விடியப்போகிற நேரத்தில் சத்தம் நின்றது. வடிவம்மாள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடாகத்தான் இருந்தது. தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டு, பக்கத்திலேயே படுத்து, அசந்து தூங்கிப்போனாள். ஆட்டோக்காரன் வாசலில் ஹாரன் அடித்தபோதுதான் முழித்தாள். பிள்ளை முழிக்கவில்லை.

அந்தத் தூக்கத்துக்காக வடிவம்மாள் தன்னை மன்னிக்கவே இல்லை. மற்றவர்கள் என்ன சொன்னாலும் சரி, பிள்ளை தன்னை எழுப்பியிருக்கும், தான் எழுந்திருக்கவில்லை என்பதுதான் அவள் முடிவு.

கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளை இந்தப் பக்கத்தில் வீட்டுக்குக் கன்னி. பீடம் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை புதுத்துணி வைத்துக் கும்பிடுவார்கள். வயலில் எங்கே புதைப்பது என்று கேட்டபோது வடிவம்மாள் யோசிக்கவே இல்லை. மூச்சு முட்டுகிறபோதெல்லாம் ஆற்றுக் காற்றுக்காகப் பிள்ளை போய் உட்கார்கிற இடம் ஒன்று இருந்தது. மோட்டார் அறைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். ஒருபுறம் கரும்பாறை. மறுபுறம் கரையை வெள்ளம் கடப்பாரையால் குத்தியதுபோல் அரித்துப் பள்ளமாக்கியிருந்தது. நடுவில் மிஞ்சியது எட்டடி அகலம், அதைக் குழியும் பீடமும் முழுக்க எடுத்துக்கொண்டன. பழைய குழாயையும் பழைய மோட்டாரையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மறுபடி விவசாயம் பார்ப்போம், மறுபடி அந்த வழியாகக் குழாய் வர வேண்டியிருக்கும் என்று பிள்ளையைத் தூக்கிப்போகிற நேரத்தில் எவன் நினைப்பான்?

அந்த வருஷம் நிலம் சும்மா கிடந்தது. அடுத்த ஐப்பசியில் புது மோட்டார் வைத்துக் குழாய் போட வந்தவர் பத்தமடை அசன் மைதீன். சவூதியில் பதினாலு வருஷம் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர், கறாரான ஆள். பீடத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், மோட்டார் அறையைப் பார்த்தார். நேராகக் கொண்டுவர வேண்டுமானால் இரண்டரை அடி ஆழத்துக்குப் பீடத்தின் ஊடே தோண்ட வேண்டும் என்றார்.

வடிவம்மாள் பீடத்தின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"பிள்ள படுத்துருக்க எடத்துல மம்பட்டி போடாதிய. மேல ஏத்திக் கொண்டு போங்க. அவ தலைக்கு மேல ஒரு கொடி மாரி போயிட்டுப் போவுது."

"அப்படிப் போட்டா காத்து அடைக்கும்மா," என்றார் அசன் மைதீன்.

"ஏத்தும் பாய்," என்றான் வன்னியராஜ். "ஆத்துல தண்ணி கெடக்குல்லா. பாத்துக்கிடலாம்."

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆறு நிறைந்து கிடந்ததால் கூனல் ஒன்றும் செய்யவில்லை. பங்குனியில் தண்ணீர் கீழே இறங்கியது. இறங்க இறங்க மோட்டார் தம் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. தம் பிடித்து இழுத்தால் எந்த மூட்டிலும் காற்று நுழையும். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தக் கூத்து.

முதல் தடவை அடைத்த அன்று வடிவம்மாள் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு வந்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் மெலியத் தொடங்கியது. கூனலுக்குள் கொளக்கொளக் என்று ஏதோ புரண்டது. பிறகு மூட்டு வழியாக மெல்லியதாக ஒரு சீழ்க்கை. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. வடிவம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். தூக்குவாளி கையிலிருந்து நழுவிக் கஞ்சியெல்லாம் வரப்பில் கொட்டியது.

"ஏங்க, பிள்ள இளைக்கா," என்றாள்.

வன்னியராஜுக்கும் அது கேட்டது. கேட்கவில்லை என்று அவன் பொய் சொல்ல முடியாது. பதினேழு வருஷம் அந்த வீட்டில் அவனும்தான் படுத்திருந்தான்.

அன்றிலிருந்து கரண்டு வருகிற நேரத்துக்கு வடிவம்மாள் பீடத்துக்கு வந்துவிடுவாள். கூனல் குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் ஓடுகிற இரும்பு குளிர்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணி வாக்கில் சீழ்க்கை ஆரம்பித்ததும், முதுகைத் தடவுகிற மாதிரி மேலிருந்து கீழாகத் தடவிக்கொடுப்பாள். "பைய, பைய... ஒண்ணுமில்ல, பைய இழு," என்பாள். ஒரு வருஷத்துக்கு மேலாக வாயைத் திறக்காமல், ஒரு கவளம் சோற்றை அரை மணி நேரம் மென்றுகொண்டிருந்தவள் இப்போது பீடத்தடியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். ஊர்க்கதை பேசினாள். ஒருநாள் ஏதோ சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். யாருக்குச் சொன்னாள் என்பது வேறு விஷயம்.

வன்னியராஜ் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட்ட கையோடு திரும்பி வாழையைப் பார்த்தால் இன்னொன்று விழுந்து கிடக்கும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். முதல் வைத்தியம் சாணி. இந்த ஆற்றுப் பாசனத்தில் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் முதலில் தேடுவது ஸ்பேனரை இல்லை, மாட்டைத்தான். குழாயின் அடியில், ஆற்றுக்குள் இருந்து தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கிற புட்வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து மேலேயிருந்து ஊற்றுவார்கள். சாணியில் இருக்கிற நார் போய் ஒழுகுகிற இடத்தை அடைக்கும். ஒழுகுகிற வால்வுக்கு அது சரி. வன்னியராஜின் வால்வு ஒழுகவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை, ஊற்றினான். தினம் இரண்டு வாளி. எட்டாம் நாள் ஆற்றில் இறங்கி வால்வைத் தூக்கிப் பார்த்தால், வறட்டி தட்டின மாதிரி சல்லடை முழுக்கச் சாணி. வருகிற கொஞ்சம் தண்ணீரும் வராமல் இருந்தது அதனால்தான்.

அடுத்த வயல்காரன் கண்ணனுக்கு இன்னும் பெரிய யோசனை. கூனலின் உச்சியில் ஒரு ஓட்டை போட்டு, திருகு வைத்து, மோட்டார் ஓடும்போது திறந்துவிட்டால் காற்று வெளியே போய்விடுமாம். போட்டும் கொடுத்தான். திறந்த மாத்திரத்தில் வெளியே இருந்த காற்றெல்லாம் உள்ளே போய், இரண்டு மணி நேரத்தில் அடைக்கிறது இரண்டு நிமிஷத்தில் அடைத்தது. இழுக்கிற குழாயில் ஓட்டை போட்டால் அது இழுக்கத்தானே செய்யும். வாங்கிக் கட்டிக்கொண்டு, பரிகாரமாகத் தன் டீசல் இன்ஜினை மூன்று நாள் கொடுத்தான் கண்ணன். அதை ஆற்றுக்குள் இறக்கி ஓட்டியதில் வாழை கொஞ்சம் தெளிந்தது. நாலாம் நாள் இன்ஜின் அவன் வயலுக்குப் போய்விட்டது. சித்திரை வெயிலில் இன்ஜினை எவன் விட்டுக்கொடுப்பான்?

கன்னி மறிக்கிறாள் என்று சொன்னவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஏதோ குறை இருக்கிறது, வெள்ளிக்கிழமை பொங்கல் வை என்றார்கள். வடிவம்மாள் வைத்தாள். பொங்கல் அன்றைக்கும் சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சீழ்க்கை கேட்டது.

விழுந்த மரம் நாற்பத்தொன்று ஆனபோது வன்னியராஜ் பத்தமடைக்குப் போனான். அசன் மைதீன் மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார்.

"மூட்டெல்லாம் பிரிச்சுப் புது வாசர் போட்டுப் பாப்பமா பாய்?"

"போடலாம். ரெண்டு மணி நேரத்துல அடைக்கது மூணு மணி நேரத்துல அடைக்கும். தண்ணிக்குள்ளயே காத்து இருக்குவே, இழுக்க இழுக்க அது பிரியும். பிரிஞ்ச காத்து மேட்டுல போயி நிக்கும். மேடு இல்லன்னா நிக்காது, தண்ணியோடயே போயிரும். இதுக்கு வேற வழி இல்ல."

"அவ விடமாட்டா பாய்."

"நான் ரெண்டரை அடிதான் தோண்டுவேன். பிள்ள ஆறடியில இருக்கா. மவுத்தான பிள்ளய நான் தொட மாட்டேன், அது எனக்கும் பாவம்தான்." பிறகு கேட்டார். "வாழை போயிட்டுன்னா என்ன செய்வீரு?"

வன்னியராஜிடம் அதற்குப் பதில் இருந்தது. சொல்லத்தான் பிடிக்கவில்லை. இந்த வாழையும் போனால் நிலத்தை விட்டுவிட்டுத் திருப்பூர் போவதைத் தவிர வழியில்லை. மச்சினன் அங்கே ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். வடிவம்மாளிடம் அந்தப் பேச்சை ஒரு தடவை எடுத்தான். "நீங்க போங்க, நான் வரல்ல. பிள்ளய ஆத்தங்கரையில தனியா விட்டுட்டு எங்கன வர?" என்றாள். சண்டை போடுகிற குரலில் சொல்லவில்லை. கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் பயமாக இருந்தது. பிள்ளைக்குப் பக்கத்தில் அவள் இருக்க வேண்டுமானால் வாழை நிற்க வேண்டும், வாழை நிற்க வேண்டுமானால் பிள்ளைக்குப் பக்கத்தில் தோண்ட வேண்டும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அவனுக்கு இதற்குமேல் எதுவும் கிடைக்கவில்லை.

வள்ளியூரில் வடிவம்மாளின் தங்கை கோமு புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். வடிவம்மாள் போகிற யோசனையிலேயே இல்லை. வன்னியராஜ்தான் விடவில்லை. கூடப்பிறந்தவள் மனசு நோகும் என்றான், நாலு பேர் நாலுவிதமாய்ப் பேசுவார்கள் என்றான். இரண்டு நாள்தானே, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். கடைசியாகச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அவள் சேலை எடுத்து வைத்தாள்.

"சத்தம் வந்தா தடவிக் குடுங்க. பைய தடவணும். நீங்க அமுக்கிப்புடுவிய," என்று பஸ் ஏறும்போது சொன்னாள்.

பஸ் வளைவில் திரும்பியதும் அவன் அசன் மைதீனுக்குப் போன் போட்டான்.

பீடத்தில் முதல் வெட்டை வன்னியராஜே வெட்டினான். அசன் மைதீன் உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டு தள்ளி நின்றார். மண் லேசாக இருந்தது. ஒரு தடவை தோண்டி மூடின மண் அப்படித்தான் இருக்கும். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. இறுகின மண்ணாக இருந்தால் வேலை என்று நினைத்துச் செய்திருப்பான். ஓரடி போனதும் மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ள ஆரம்பித்தான். இரண்டரை அடி வந்ததும் அசன் மைதீன் போதும் என்று சொன்னது அவன் காதில் விழவில்லை. அவர் இறங்கி வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

குழாயை ஆற்றிலிருந்து மோட்டார் வரைக்கும் ஒரே ஏற்றமாகப் போட்டார்கள். மூட்டுக்கு மூட்டு புது வாசர். கூனலை மட்டும் எடுக்கவில்லை. அது வன்னியராஜின் யோசனை. இரண்டு முனையையும் அறுத்து மண்ணுக்குள் சொருகிவிட்டு, பீடத்தை மறுபடி மெழுகி, சுண்ணாம்பு அடித்து, காய்ந்த பூவைக்கூட இருந்த மாதிரியே எடுத்து வைத்தான். பார்த்தால் குழாய் முன்போலவே பீடத்துக்கு மேலே போகிறது. உள்ளே ஒன்றும் ஓடவில்லை.

"இது சரியில்லவே," என்றார் அசன் மைதீன்.

"நீரு மோட்டாரப் பாரும்," என்றான் வன்னியராஜ்.

மறுநாள் காலை கரண்டு வந்ததும் அவர் மோட்டாரின் மேல்திருகைத் திறந்து, புனல் வைத்து, அவசரப்படாமல் தண்ணீரை ஊற்றினார். குமிழி வந்துகொண்டே இருந்தது. கடைசிக் குமிழியும் வந்து தண்ணீர் தளும்பி நின்ற பிறகுதான் திருகை மூடினார். சுவிட்சைத் தட்டியதும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்து விழுந்தது. பன்னிரண்டு ஆனது, ஒன்று ஆனது, இரண்டு ஆனது. மூன்று மணிக்குக் கரண்டு போகிறவரை ஒரு இருமல் இல்லை. அப்படி ஒரு தண்ணீரைப் பார்த்து மாசக்கணக்காகியிருந்தது. வன்னியராஜ் வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதான்.

அதற்கு அடுத்த நாள் பத்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கிய வடிவம்மாள், பையோடு நேரே வயலுக்குத்தான் வந்தாள். கையில் பால்காய்ச்சு வீட்டுப் பலகாரம். பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடத்தடியில் உட்கார்ந்து, சீழ்க்கைக்குக் காதைக் கொடுத்தாள். பன்னிரண்டு ஆனது. ஒரு மணி ஆனது. தண்ணீர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மெல்ல எழுந்து அவனிடம் வந்தாள்.

"ஏங்க, பிள்ளைக்கு இளைப்பு நின்னுட்டு."

முகம் மலர்ந்திருந்தது. வன்னியராஜுக்கு உயிர் வந்தது. "ஆமா வடிவு. ரெண்டு நாளா சத்தமே இல்ல. சொஸ்தமாயிட்டா போல," என்றான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று மனசுக்குள் சாமியை எல்லாம் கும்பிட்டான். அன்று அவளும் நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் குழாயின்மேல் வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள். சித்திரை வெயிலில் வெறும் இரும்பு பழுத்திருந்தது. நடுக்கமும் இல்லை.

"மேலு சுடுது," என்றாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்து குழாயின்மேல் போட்டாள். காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டாள். வன்னியராஜ் வாழைக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் வடிவு, வெயில் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஏன் முன்னால் சுடவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது?

மூன்றாம் நாள் அவள் அவனிடம் வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். "அன்னைக்கும் இப்படித்தான் நின்னுச்சு. மேலு சூடா இருந்துச்சு. நான் நல்லாயிட்டுன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவள் தூங்கவில்லை, சாப்பிடவும் இல்லை. இந்தத் தடவை அசந்துவிடக் கூடாது என்று பீடத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். வன்னியராஜ் கூப்பிட்டுப் பார்த்தான், கெஞ்சினான், ஒருதரம் கையைப் பிடித்து இழுக்கக்கூடச் செய்தான். கோமு வந்து அழுதுவிட்டுப் போனாள். வடிவம்மாள் குழாயில் காதை வைத்துக்கொண்டு, "ஒரு தடவ இழு. ஒரே ஒரு தடவ," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாழை தெளிந்து, இலை நிமிர்ந்து, குலையெல்லாம் திரண்டு நின்றது. ஒரு வாரமாக ஒரு மரம் விழவில்லை. அதை எண்ணிப் பார்க்கக்கூட வன்னியராஜ் போகவில்லை. பெற்ற பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, கட்டினவளையாவது காப்பாற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அவள் சாப்பாட்டை விட்ட ஆறாம் நாள் மத்தியானம் அவன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மோட்டார் அறைக்குள் போனான். குழாய் மோட்டாரோடு சேருகிற இடத்தில் நாலு போல்ட்டு. காற்று புகாமல் இருக்க அசன் மைதீன் முக்கி முக்கி இறுக்கியவை. அதில் இரண்டைத் தளர்த்தினான். கொஞ்சம் தளர்த்தியதும் உஸ் என்றது. இன்னும் ஒரு சுற்று. வாசருக்கும் இரும்புக்கும் நடுவே காற்று நுழைந்து சீழ்க்கையடித்தது. மோட்டாருக்குள் கொளக்கொளக் என்று புரண்டது. வெளியே வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நூலாகி நின்றது. இது அவளுக்குப் போதும் என்று அவன் நினைத்தான். வாழை போகட்டும். அத்தனையும் விழட்டும். அவள் ஒரு வாய் சாப்பிட்டால் போதும்.

வடிவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து, ஆறு நாள் சாப்பிடாத காலை இழுத்து இழுத்து வைத்து, மோட்டார் அறை வாசலுக்கு வந்தாள். உள்ளே வந்து, சத்தம் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள். ஸ்பேனரை மறைக்க வன்னியராஜுக்குத் தோன்றவில்லை.

நிறைய நேரம் கேட்டாள். பதினேழு வருஷம் கேட்டவளுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டாள்.

"இது அவ இல்ல," என்றாள். "இது காத்து."

பிறகு தளர்ந்திருந்த போல்ட்டைப் பார்த்தாள். அங்கிருந்து தரைக்குள் இறங்குகிற குழாயைப் பார்த்தாள். அது போகிற திசையைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து, வாசல் வழியாக, வெயிலில் ஈரத்துணி போர்த்தி நின்ற கூனலைப் பார்த்தாள்.

"எப்ப தோண்டுனிய?"

அவன் எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தான். "நீ வள்ளியூருக்குப் போனப்ப," என்று மட்டும் வந்தது.

அவள் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. திட்டியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். மோட்டார் அறையின் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அன்னைக்குத் தூங்கிட்டேன். இப்ப ஊருக்குப் போயிட்டேன்," என்றாள். "ரெண்டு தடவயும் நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டனே."

தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் சூடேறிக்கொண்டிருந்தது. ரப்பர் கருகுகிற வாடை வந்தது. போய் அணைக்க வேண்டும் என்று வன்னியராஜுக்குத் தெரியும். சுவிட்ச் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.